அண்ணன் வரணும், அண்ணனுக்குச் சொல்லக் கூடாது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசும்படி, இப்போது என் இடத்தில் இருக்கும் மலர்விழி கேட்டாள். வர முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். பேச ஆரம்பித்தால் ஏதாவது ஓர் இடத்தில் குரல் நின்றுவிடும். எழுத்து நடுவில் நின்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

நீங்கள் செய்யப்போகும் வேலை, கேட்பது. மூளைச்சாவு அடைந்துவிட்ட ஒருவரின் வீட்டார் முன்னால் உட்கார்ந்து, அவருடைய உறுப்புகளைத் தருவீர்களா என்று கேட்பது. பணி உத்தரவில் ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருக்கும். தேனிப் பக்கத்து ஜனங்கள் கவுன்சிலர் அம்மா என்பார்கள். கோபம் வந்தால் வேறு பெயர்களும் உண்டு. அந்த வேலையைப் பல வருடம் செய்துவிட்டு, வயது இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று நீங்கள் மலர்விழியைக் கேட்டீர்களாம். சொல்கிறேன். அதற்கு முன்னால் கம்பத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்கு வந்த புதிது. ஸ்கூட்டியிலிருந்து விழுந்த பெண். கணவர் அழுதுகொண்டே சம்மதித்தார், கையெழுத்தும் போட்டார். சட்டப்படி அவ்வளவு போதும். மதுரையிலிருந்து டாக்டர்கள் கிளம்பி ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டிவிட்டார்கள். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. கூடலூரிலிருந்து அந்தப் பெண்ணின் தாய்மாமன்.

"காது குத்துறப்ப மடியில வச்சவன் நான். சடங்குக்குச் சீர் கொண்டாந்தவன் நான். என்னய ஒரு வார்த்த கேக்காம நெஞ்சக் கிழிக்க ஏற்பாடு பண்ணிட்டீகளோ?"

கணவரைப் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தோடு முடிந்தது. டாக்டர்கள் வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். இந்த மலைக்கு இந்தப் பக்கம் கையெழுத்து ஒருவரிடம் இருக்கும், வார்த்தை இன்னொருவரிடம் இருக்கும். அதன் பிறகு எந்த வீட்டிலும் என் முதல் கேள்வி, "மாமன் வந்துட்டாகளா?" என்பதுதான். வரவில்லை என்றால் காத்திருப்பேன். காத்திருந்ததில் சில இதயங்கள் வீணாகியிருக்கின்றன. காத்திருக்காமல் வாங்கியிருந்தால் இந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு யாருமே தந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உறுப்பை வாங்கப்போவது யார் என்பது, கேட்கப் போகும் நமக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் குரலில் அவசரம் வந்துவிடும். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் காது கூர்மை. இதை நானே உங்கள் சீனியர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். நன்றாகத்தான் எடுத்தேன், அப்போது எனக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை.

என் மகள் பெனிட்டாவுக்குச் சின்ன வயதிலேயே முடக்குக் காய்ச்சல் வந்து, இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. கல்லூரி முடித்ததும் மாற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாதாரணமாக நடக்கிற அறுவைதான். புது வால்வு நன்றாக உட்கார்ந்தது. அறுவைக்காக நிறுத்தி வைத்த இதயம்தான் திரும்ப வேலைக்கு வர மறுத்துவிட்டது. அவளை எக்மோ இயந்திரத்தோடு வெளியே கொண்டுவந்தார்கள். உடம்புக்கு வெளியே இருந்துகொண்டு அது ரத்தத்தைச் சுற்றவிட்டது.

இரண்டு நாள் பார்த்துவிட்டு சர்ஜன் எங்களைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை மேடம். இதயம் மீளவில்லை. இனி மாற்று இதயம்தான். அவசரப் பட்டியலில் போட்டிருக்கிறேன். இந்த மிஷினில் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, அதுவும் உங்களுக்குத் தெரியும்."

எனக்கு எல்லாம் தெரியும். அதுதான் கொடுமையாக இருந்தது. என் கணவர் ஏலக்காய் வியாபாரி, அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவரால் ஜெபம் செய்ய முடிந்தது. அவரைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் என் பொறாமையின் பெரும்பங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் காத்திருந்த ஹாலில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவர் பெயர் செல்லத்தாய். மயிலாடும்பாறையில் முருங்கை போட்டிருக்கும் குடும்பம். அவருடைய மகன் தினேஷுக்கும் அதே வால்வு, அதே சர்ஜன், அதே நாள். காலையில் அவன், மதியம் என் மகள். அவன் மறுநாளே கண் விழித்துவிட்டான். அதற்கடுத்த நாள் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தான். நான் கண்ணாடிக் கதவு வழியாக அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவன் வரும் சத்தம் கேட்டால் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பேன்.

செல்லத்தாய் ஓயாமல் பேசுவார். கண்ணாடி போட்ட பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சரம்மாதான்.

"நெஞ்ச ஒட்டித் தச்சு முழுசா ஆறக்கூட இல்ல டீச்சரம்மா, புரோட்டா வேணுங்கான். ஏலே, உனக்கு உள்ள வச்சது வால்வா வயிறாடான்னு கேட்டேன்."

ஹாலே சிரித்தது. அவருடைய கணவர் சன்னாசி மட்டும் சிரிக்காமல், தோளில் துண்டோடு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெல்லப் பேசு. எதிர்த்தாப்புல இருக்கவுக புள்ள இன்னும் கண்ணு முழிக்கல" என்றார்.

"அதுக்குத்தான் பேசுறேன். நீங்களும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா அவுக எங்கிட்டுப் பாப்பாக?" என்ற செல்லத்தாய் என்னிடம் திரும்பி, "சாப்பிட்டீகளா? நீங்க பட்டினி கெடந்தா உள்ள மெசினு நல்லா ஓடிருமாக்கும்?" என்று ஒரு டப்பாவை நீட்டினார். லெமன் சாதம். வாங்கிக்கொண்டேன். சாப்பிடவில்லை. பிழைத்த பிள்ளையின் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது என்று தோன்றியது.

இப்படி ஒருவர் உங்கள் முன்னால் உட்கார்வார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஆணவம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அது நான்காம் நாள் காலை. டப்பா கையில் இருக்கும்போதே மலர்விழி போன் செய்தாள். நான் விடுப்பில் இருந்ததால் தேனியில் என் வேலையை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம். இங்க ஒரு கேஸ். சின்னப் பையன். பைக்ல போனவன், குறுக்க மாடு வந்திருச்சு. மூளைச்சாவுக்கான ரெண்டாவது டெஸ்ட்டும் முடிஞ்சிருச்சு. அம்மா மட்டும்தான் இருக்காங்க, அப்பா இல்ல. அவங்க சொல்றது எனக்குப் புரியவே இல்லக்கா. எங்க அண்ணன் வரணும், அவுக சொன்னாத்தான்ங்கிறாங்க. சரி போன் போடுவோம்னா, அண்ணனுக்குச் சொல்லக் கூடாதுங்கிறாங்க."

"ஏன்?"

"தெரியல. கேட்டா அழுறாங்க. பையனுக்குப் பிரஷர் வேற இறங்கிக்கிட்டே வருது. அம்மா கையெழுத்தே போதும்தானே, பேசி வாங்கிரட்டா? அக்கா, பையனோட ரத்த குரூப்பு..."

"மலரு, குரூப் சொல்லாத."

"இல்லக்கா, நம்ம பெனிட்டாவுக்கு..."

"சொல்லாதேங்கிறேன்ல. இந்தக் கேஸ் முடியிற வரைக்கும் எனக்குப் போன் போடாத. மாமனுக்காகக் காத்திரு."

போனை வைத்துவிட்டேன். அவள் குரூப்பைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, பொருந்தாத இதயத்துக்காக அவள் எனக்கு அப்படி மூச்சிரைக்கப் பேசியிருக்க மாட்டாள். தேனியில் ஒரு இதயம் இருக்கிறது. அது என் மகளுக்குச் சேரும். யாரோ ஒரு மாமன் வரவேண்டும். காத்திரு என்று நான்தான் சொன்னேன், வாய் கொழுத்துப்போய். அந்த மாமனை நான் எப்படி வெறுத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கேயோ ஏலத் தோட்டத்தில் சிக்னல் இல்லாமல் பீடி குடித்துக்கொண்டிருப்பான் என்று மனதில் உருவம்கூட வரைந்துகொண்டேன்.

எதிரே செல்லத்தாயின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தார், கட் செய்தார். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்துவிட்டு, கணவரிடம் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். விடிந்ததிலிருந்து அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். போனை எடுக்காமலிருக்கும் வசதி சிலருக்கு வாய்க்கிறது என்று நினைத்தேன்.

பிறகு சன்னாசி மருந்து வாங்கக் கீழே இறங்கினார். அவர் தலை மறைந்ததும் செல்லத்தாய் எழுந்து என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு முகத்திலிருந்து துடைத்தெடுத்தது போலப் போய்விட்டது.

"நீங்க தேனி பெரியாஸ்பத்திரியில வேல பாக்குறவுகதானே? ஒரு யோசன சொல்லுங்க. எங்க நாத்தனா மகன் அங்கன கெடக்கான். வண்டியில விழுந்துட்டான். மூள செத்துப்போச்சுங்கிறாக. இவுகளுக்கு இன்னும் தெரியாது."

படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இங்கன புள்ள நெஞ்சு பச்சப் புண்ணாக் கெடக்கு. இந்த நேரத்துல இழவுச் சேதி கொண்டாந்தா ஆகாதுன்னு நாத்தனாளே சொல்லிப்புட்டா. அவ புள்ள போன துக்கத்துலயும் எம் புள்ளைக்கு ஆகாதுன்னு பாக்குறா. ஆனா அண்ணன் சொல்லாம ஒண்ணுஞ் செய்ய மாட்டேங்கிறா. அப்பன் இல்லாத புள்ளைய இவுகதான் வளத்தாக. என்னமோ எடுத்துக் குடுக்கக் கேக்குறாகளாம். நான் சொல்லவா, வேணாமா?"

ஏலத் தோட்டத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆள் மறைந்துபோனான். அந்த மாமன் நான்கு நாட்களாக என் எதிரில் உட்கார்ந்து, என் மகளுக்காகத் தன் மனைவியை மெல்லப் பேசச் சொன்னவர். அண்ணன் வரணும், அண்ணனுக்குச் சொல்லக் கூடாது. மலர்விழிக்குப் புரியாதது எனக்கு ஒரே நொடியில் புரிந்தது.

இப்போது என் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். "சொல்லுங்க" என்பதுதான் சரியான பதில். வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், வகுப்பிலும் அதைத்தான் சொல்வேன்: உரிமை உள்ளவரிடம் மரணத்தை மறைக்காதே. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் என் மகள் படுத்திருந்தாள். சரியான பதிலே வாயில் கூசுகிற நேரம் ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"என்னைக் கேக்காதீங்க செல்லத்தாய். என் பிள்ளை எதுக்குக் காத்துக் கிடக்குதுன்னு உங்களுக்கே..."

"தெரியும். இந்த ஹாலுல யாருக்குத் தெரியாது? தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. என்னைச் சோதித்தாரா, எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாரா, இன்றைக்கும் தெரியாது.

"அப்ப நான் பேசவே கூடாது. வாங்க" என்று எழுந்து, கதவருகே இருந்த பொறுப்பு நர்ஸிடம் அழைத்துப் போனேன். "இவங்க குடும்பத்துல ஒரு சாவு. வீட்டுக்காரருக்குச் சொல்றதா வேண்டாமான்னு கேக்குறாங்க. நீங்க உக்காந்து பேசுங்க. நான் இதுல இருக்கக் கூடாது."

"படிச்சவுகளுக்கு எல்லாத்துக்கும் ஒரு ஆளு, ஒரு ஆபீசு" என்றார் செல்லத்தாய். கோபமாகத்தான் சொன்னார். நான் படியிறங்கிவிட்டேன். மருந்துக் கவரோடு சன்னாசி மேலே ஏறிக்கொண்டிருந்தார். எனக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார்.

தெருவில் ஒருவர் தள்ளுவண்டியில் கம்பம் திராட்சை என்று கூவி விற்றுக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெபம் செய்யலாம் என்று பார்த்தேன். என்ன கேட்பது? அந்த மனிதருக்குச் சேதி தெரியட்டும் என்றா? அவர் தங்கைக்குச் சம்மதம் சொல்லட்டும் என்றா? மற்றவர்களிடம் பல வருடம் கேட்டவள் ஆண்டவரிடம் கேட்க முடியாமல் நின்றேன். திராட்சைக்காரர், "என்னம்மா, எடுக்குறீகளா, வெயிலு மறைக்குறீகளா?" என்றார்.

மேலே வந்தபோது சன்னாசியின் நாற்காலி காலியாக இருந்தது. செல்லத்தாய் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"தேனிக்குப் போயிட்டாக" என்றார்.

யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் பேசவே இல்லை. ஹால் அமைதியானது. அவருடைய பேச்சுச் சத்தத்தை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. டப்பாவைத் திறந்து, காலையில் வாங்கிய லெமன் சாதத்தைச் சாப்பிட்டேன். அவர் பார்த்தார்.

சாயங்காலம் சர்ஜன் வந்து, இதயம் ஒன்று கிடைக்கிறது, பெனிட்டாவைத் தயார் செய்கிறோம் என்றார். எங்கிருந்து என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கணவர் முழங்காலிட்டார். ஹாலில் இருந்தவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. தேனி ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. செல்லத்தாய் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, சத்தம் வாசலுக்கு வந்து அடங்கும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவரால் அழ முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த அழுகை என்னுடையது, அதையும் இவரே எடுத்துக்கொண்டாரே என்றுகூட நினைத்தேன். மனம் எப்படியெல்லாம் போகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தேனியில் நடந்ததைப் பல மாதம் கழித்து, ஒரு பயிற்சிக் கூட்டத்தில் மலர்விழி பெயர் குறிப்பிடாமல் சொன்னாள். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். மாமன் வந்தார். பையனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருக்கிறதே, உசுரு இல்லையென்றால் எப்படிச் சுடும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மலர்விழி விளக்கினாள். அவசரப்படுத்தவில்லை. அவர் தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாராம்:

"எம் புள்ளைக்கு அறுத்தாக, தச்சாக, எந்திரிச்சு நடக்கான். எதுத்தாப்புல ஒரு பொம்பளப் புள்ளைக்கும் அறுத்தாக, தச்சாக, அது எந்திரிக்கல. ரெண்டையும் பாத்துட்டு வந்திருக்கேன் தாயி. குடுத்துரு. யாருக்குப் போகுதுன்னு கேக்காத."

கூட்டம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். இனி எந்த வீட்டார் முன்னால் உட்கார்ந்தாலும், வாங்கியவளின் முகம்தான் என் முகத்தில் இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "உங்கள் மகன் இன்னொருவர் உடம்பில் வாழ்வான்" என்று நம் சுவரொட்டிகளில் எழுதியிருக்கும். நானும் எத்தனையோ தாய்மாரிடம் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்லாதீர்கள். எதிர் வீட்டுப் பிள்ளை நாலு அடி நடப்பதையே தாங்க முடியாத நேரம் அது. தன் பிள்ளையின் இதயம் அடுத்தவள் பிள்ளைக்குள் ஓடுவதை நினைத்துச் சந்தோஷப்படு என்று அந்தத் தாயிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், பக்கத்தில் இருங்கள். போதும்.

பெனிட்டா இப்போது என் கூட இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்று எழுதப் பயமாக இருக்கிறது. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். புது இதயத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும். அதற்குத்தான் தினமும் சண்டை. "அம்மா, நீ என்ன அலாரமா?" என்பாள். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காகவே கொஞ்சம் தாமதமாகப் போடுவாள்.

மாதந்தோறும் மதுரைக்குப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே சில மாதங்களில் தினேஷை அழைத்துக்கொண்டு செல்லத்தாயும் வருவார். வால்வு வைத்தவர்களுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். என்னிடம் முருங்கை விலை சொல்வார், மழையைப் பற்றிச் சொல்வார். பெனிட்டாவை மட்டும் பார்க்க மாட்டார். அவள் நடந்து வந்தால் சுவரில் இருக்கும் அறிவிப்பைப் பார்ப்பார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவர் எதையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

போன மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். நான் மாத்திரையை எடுத்து நீட்ட, அப்புறம் போடுறேன் என்று பெனிட்டா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை நான் சொன்னதும் எரிந்து விழுந்தாள்.

"ஏத்தா, இங்கன வா" என்றது ஒரு குரல். செல்லத்தாய் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திர போட்டியா இல்லையா?"

பெனிட்டா என் பக்கம் குனிந்து, "இவங்க எதுக்கும்மா என்னை அதட்டுறாங்க?" என்றாள்.

"அதட்டட்டும். பதில் சொல்லு."

"இன்னும் இல்லைங்க."

"போடு. நான் பாக்கணும்."

நான் சொன்னால் ஒரு மணி நேரம் சண்டை போடுகிறவள், மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்துபோய், அந்த அம்மாவின் முன்னால் நின்று விழுங்கினாள். வாயைத் திறந்தும் காட்டினாள். செல்லத்தாய் தலையசைத்துவிட்டு, தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். பெனிட்டா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எழுந்து போகாமல் என் நாற்காலியிலேயே இருந்தேன்.